குண்டு பல்பும் பூனை இல்லாத வீடும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கணினியைத் திட்டுகிற ஆள் இல்லை. ஓய்வு பெற்றவர்களைப் பேசக் கூப்பிட்டால் "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது" என்று ஆரம்பிப்பார்கள். நீங்களும் மேஜைக்குக் கீழே கைபேசியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லாததால் நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போர்ட் பிளேர் டெலானிபூரில் ஒரே சந்தில் இருக்கும் ஐந்து வீடுகளுக்கு ஐந்து பார்சல் கம்பெனி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேடேறும். ஒருத்தன் இன்னொருத்தனுக்கு வழிவிடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பான். ஐந்து கம்பெனிகளும் சேர்ந்து ஒரே கிடங்கு, ஒரே கணினித் திரை, பொதுவான வண்டிகள், கப்பலில் பொதுவான இடம் என்று வைத்துக்கொண்ட பிறகுதான் அந்தக் கூத்து நின்றது. அந்தக் கிடங்கில்தான் நீங்கள் இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். நான் ஓய்வு பெறும்வரை பொறுப்பாளராக இருந்ததும் அங்கேதான்.

திரையை எப்படி இயக்குவது என்று உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது ஜான்சியைப் பற்றி.

ஜான்சி எங்கள் டிஸ்பாட்ச் மேஜையில் இருந்த பெண். எந்தப் பெட்டி எந்த வண்டியில் ஏறி எந்தக் கப்பலுக்குப் போக வேண்டும் என்று பார்ப்பது அவள் வேலை. தெலுங்குக் குடும்பம், பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேர். வீட்டில் தெலுங்கு, தெருவில் இந்தி, என்னோடு தமிழ் என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பிசைவாள். நான் வாயைத் திறந்தால் திருநெல்வேலி வந்து விழும். இரண்டு பேரும் பேசுவதைக் கேட்கவே கிடங்கில் ஒரு கூட்டம் நிற்கும். இப்போது அவள் மெயின்லேண்டில் நல்ல வேலையில் இருக்கிறாள். அவளையே கூப்பிட்டு இந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டாள், "அது சும்மா ஒரு நாள் அக்கா" என்று விட்டுவிடுவாள். அதனால் நான் சொல்கிறேன்.

மழைக்காலம். காலை விமானத்தில் சென்னையிலிருந்து பத்துப் பெட்டி கோழிக்குஞ்சுகள் வந்திறங்கின. முந்தின நாள் பொரித்தவை. அட்டைப்பெட்டி முழுக்க ஓட்டை, ஓட்டைகள் வழியாகச் சின்னச் சின்ன மூக்குகள். மத்தியானக் கப்பலில் அவை தெற்கே இன்னொரு தீவில் இருக்கும் ஹட் பே போக வேண்டும். பெறுபவர் பெயர் செல்வராணி.

செல்வராணியை எனக்குத் தொலைபேசியில்தான் பழக்கம். அவளுடைய தாத்தா காலத்தில் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து தீவில் தோட்ட வேலைக்குக் குடியேறிய குடும்பம். அப்பா ஹட் பேயில் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டம் மூடிய பிறகு அந்த வீடுகளின் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக் கோழி வளர்க்கப் புறப்பட்டார்கள். அதற்குச் செல்வராணிதான் முன்னால் நின்றாள். முதல் தடவை வேறு ஒரு ஏஜென்ட் மூலம் குஞ்சு வரவழைத்திருக்கிறார்கள். வழியிலேயே எல்லாம் செத்துப்போய் வந்து சேர்ந்தன. இது இரண்டாவது தடவை.

மத்தியானம் கப்பல் ரத்து என்று செய்தி வந்தது. கடல் சரியில்லை. இது நமக்குப் புதிதில்லை, உங்களுக்கும் சீக்கிரமே பழகிவிடும். நம் திரை கண் மூடித் திறப்பதற்குள் ஹட் பே சரக்கு அத்தனையையும் அடுத்த கப்பலுக்கு மாற்றியது. மாற்றியதோடு நிற்கவில்லை. ஒரே வகைச் சரக்கைச் சேர்த்து அடுக்கினால் இடம் மிச்சமாகும் அல்லவா? கோழிக்குஞ்சுகளைத் தீவன மூட்டையோடும் உர மூட்டையோடும் சேர்த்து 'பண்ணைப் பொருள்' என்று ஒரே குவியலாக்கிக் கிடங்கின் கடைசி மூலையில் அடுக்கச் சொல்லிவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டியது. பச்சை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

திரையைக் குறை சொல்ல மாட்டேன். சேர்த்து அடுக்கு என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தது நாம்தான். சரக்கில் உயிருள்ளதும் உண்டு என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. சுமை தூக்குபவர்கள் உர மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போகும்போது ஜான்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ருக்கோ, ருக்கோ!" என்று அவர்களை நிறுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, இது பண்ணைப் பொருள் நஹி ஹை. இது கத்துது" என்றாள்.

எனக்குத் தெரிந்த வழியையெல்லாம் தட்டிப் பார்த்தேன். ஹெலிகாப்டரில் நோயாளிகளுக்கே இடம் இல்லை, கோழிக்குஞ்சு என்று சொன்னதும் சிரித்துவிட்டார்கள். திருப்பி அனுப்பலாம் என்றால் அவ்வளவு பயணத்தைக் குஞ்சு தாங்காது. கிடங்கிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் சிமென்ட் தரை ஈரம் கசிந்துகொண்டிருந்தது, பெருச்சாளி வேறு. ஜெனரேட்டர் பழுதுபார்க்கப் போயிருந்தது. மின்சாரம் போனால் பத்துப் பெட்டியும் ஒரேயடியாகப் போகும்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்த கோழி வியாபாரி ஒருவர் எப்படியோ விஷயம் தெரிந்து வந்து நின்றார். "எல்லாத்தையும் நான் எடுத்துக்கிறேன் மேடம். குஞ்சும் பிழைக்கும், அந்தப் பொண்ணுக்கும் நஷ்டமில்ல" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பெறுபவர் சம்மதித்தால் கெட்டுப்போகிற சரக்கை விற்றுவிடலாம் என்று நம் விதியிலும் இருக்கிறது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பேச்சு இனிப்பாகத்தான் இருந்தது. தலைவலி அப்படியே கைமாறிவிடும் பாருங்கள்.

ஹட் பேயிலிருந்து செல்வராணியே கூப்பிட்டுவிட்டாள்.

"அக்கா, கப்பல் பந்த்னு சொல்றாங்களே. குஞ்சுகள என்ன செய்யப் போறீங்க?"

"இங்கன கோழி வியாபாரி ஒருத்தரு நிக்காரு. மொத்தத்தையும் எடுத்துக்கிடுதேன்னு சொல்லுதாரு. நீ சரின்னா உனக்கு நஷ்டம் வராது. வேண்டாம்னா நாங்க வச்சுப் பாக்கோம். ஆனா உசுரோட வந்து சேரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"நான் சொல்லப்படாது. குஞ்சு உன்னோடது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இந்த மாதிரி நேரத்தில் நமக்கு வாய் துடிக்கும், எதையாவது சொல்லி ஆறுதல்படுத்தத் தோன்றும். தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு இருங்கள். எதிரில் இருப்பவர் யோசிக்கிறார்.

"அக்கா, போன தடவை கப்பல் நிக்கிற ஜெட்டியில வச்சே பெட்டியத் தொறந்தோம்" என்றாள் செல்வராணி. "அம்புட்டும் செத்துக் கெடந்துச்சு. புஷ்பம் அக்கா அன்னைக்கே சொல்லிருச்சு, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் சங்கத்துல இல்லன்னு. எங்கள்ல மூத்தவங்க அவங்கதான். அவங்க போனா மத்தவங்களும் போயிருவாங்க. குஞ்சு செத்து வந்தாலும் சங்கம் இல்ல, வராமலே போனாலும் இல்ல. விளங்குதா? அடுத்த குஞ்சுக்கு எத்தன மாசம் காத்திருக்கணுமோ, அதுவரைக்கும் இவங்கள என்னால புடிச்சு வைக்க ஏலாது. விக்காதீங்க. எப்படியாச்சும் பாத்துக்கங்க."

வியாபாரியைக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு, "என்னட்டி செய்யப் போறோம்?" என்று ஜான்சியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

ஐந்து கம்பெனி ஓட்டுநர்களும் இருக்கிற கைபேசிக் குழுவில் ஒரு செய்தி போட்டாள். போட்டது இந்தியில், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'ஒரு பெட்டிக் கோழிக்குஞ்சை நாளை காலைவரை யார் வீட்டில் வைத்துக்கொள்ள முடியும்? குண்டு பல்பு வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பூனை இருக்கக் கூடாது. இது டியூட்டி இல்லை. முடியாவிட்டால் பரவாயில்லை.'

குண்டு பல்பு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். இப்போது எல்லா வீட்டிலும் இருப்பது எல்.இ.டி. பல்பு. அது வெளிச்சம் தரும், சூடு தராது. குஞ்சுக்கு வேண்டியது சூடு. பழைய மஞ்சள் குண்டு பல்புதான் தொட்டால் சுடும்.

அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "ஏட்டி, உத்தரவாப் போட்டாத்தானே செய்வானுவ? முடியலைன்னா பரவாயில்லன்னு நீயே சொல்லிக் குடுத்தா எவன் வருவான்?" என்று சத்தம் போட்டேன்.

"ஆர்டர் போட்டா பெட்டிய எடுத்துட்டுப் போவாங்க அக்கா. பல்ப யார் பாப்பாங்க?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் எத்தனையோ வருடம் ஆட்களை மேய்த்தவள். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

பதில்கள் வந்து விழுந்தன. ஒருவர் பூனை இருக்கிறது, ஆனால் கிழடு, பல் கிடையாது என்று எழுதினார். ஜான்சி 'நோ' என்று பதில் போட்டாள். இன்னொருவர் பூனை பக்கத்து வீட்டுடையது, சாப்பாடு மட்டும்தான் எங்கள் வீட்டில் என்றார். அவருக்கும் 'நோ'. ஒருவருக்குப் பூனை இல்லை, பல்பு இல்லை. அபர்தீன் பஜாரில் ஒரு பழைய மின்சாமான் கடையில் விற்காமல் கிடந்த குண்டு பல்புகளைத் தேடிப்பிடித்து நானே வாங்கிவந்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எல்லாரையும்விட நான் எதிர்பார்க்காத ஆள் பிகாஷ். வங்காளிக் குடும்பம், மரைன் ஹில்லில் வீடு. வேறு ஒரு கம்பெனியின் ஓட்டுநர். ஐந்து கம்பெனியும் சேர்ந்த பிறகும் அவனுக்கு மட்டும் மனது சேரவில்லை. மற்ற கம்பெனியின் கடித உறையைக்கூடத் தொட மாட்டான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். அன்றைக்கு மழைக்கோட்டோடு வந்து நின்று, "தீதி, மேரே கர் மே தோ பல்ப் ஹை. தோ பாக்ஸ் தே தோ" என்றான். வீட்டில் இரண்டு பல்பு இருக்கிறதாம், இரண்டு பெட்டி வேண்டுமாம். அவனுடைய அம்மா கோழி வளர்த்தவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

முன்வந்தவர்களில் முதல் ஆட்களுக்குப் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றேன் நான். ஜான்சி கேட்கவில்லை. திரையில் ஊர் வரைபடத்தைத் திறந்தாள். எந்தப் பகுதிக்கு எந்த லைனில் மின்சாரம் வருகிறது, எது போனால் எது இருக்கும் என்று ஓட்டுநர்களிடமே கேட்டுக் கேட்டுக் குறித்தாள். டெலானிபூரில் போனால் மரைன் ஹில்லில் இருக்க வேண்டும். ஒரே லைனில் பெட்டிகள் குவியக் கூடாது. போகிற வழியில் இருக்கிற பெட்டிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்ப்பதற்காகச் செய்த மென்பொருள் அது. அதை வைத்து அவள் பெட்டிகளைப் பிரித்தாள். அருகில் நின்று பார்த்த எனக்கு மேல் சிலிர்த்தது. அந்தத் திரையில் எனக்கும் அதே பொத்தான்கள்தான் தெரிந்தன, எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இரவு நடந்ததைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன். காலையில் கைபேசியைத் திறந்தால் குழு முழுக்கப் படங்கள். தண்ணீர்த் தட்டில் மூக்கை விட்டு நிற்கிற குஞ்சு, பிகாஷின் அம்மா பழைய புடவையை மடித்து விரித்ததில் கண் மூடிக் கிடக்கிற குஞ்சு. டெலானிபூரில் நிஜமாகவே மின்சாரம் போயிருக்கிறது. அங்கிருந்த ஓட்டுநர் பெட்டியை மழையில் நனையாமல் மூடி எடுத்துக்கொண்டு வெளிச்சம் இருக்கிற பகுதிக்குப் போய், போட்டிக் கம்பெனிக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். சில குஞ்சுகள் செத்துத்தான் போயிருந்தன. அதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள்.

அதற்குள் அடுத்த செய்தி. கடல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, மறுபடி பொங்குவதற்குள் கப்பல் கிளம்பப் போகிறது. பெட்டிகளோ ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தன. இந்த இடத்தில் உங்கள் திரைக்கு நான் ஒரு கும்பிடு போட வேண்டும். எந்த வண்டி எந்த வீட்டில் தொடங்கி எந்த வழியாக வர வேண்டும் என்று அது போட்டுக் கொடுத்ததை எந்த மனிதனாலும் அவ்வளவு வேகத்தில் போட்டிருக்க முடியாது. பத்துப் பெட்டியும் நேரத்துக்கு ஜெட்டிக்கு வந்துவிட்டன.

வந்த பிறகுதான் அடி விழுந்தது. கப்பல் அதிகாரி சரக்கு அறையில் குஞ்சுகளை ஏற்ற முடியாது என்றார். அலை இன்னும் அடிக்கிறது, தண்ணீர் புகாமல் இருக்கச் சரக்கு அறையை இறுக்கி மூடப் போகிறார்கள், உள்ளே காற்றே இருக்காது. ஏற்றினால் ஹட் பேயில் இறங்குவது வெறும் பெட்டிதான் என்று நேராகவே சொன்னார். நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். என் வாய் அப்படி. ஆனால் அவர் சொன்னது நியாயம், சண்டை போடும்போதே எனக்கு அது தெரிந்தது.

ஜான்சி சண்டை போடவில்லை. பயணிகள் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், ஹாத் மே லேகே ஜாயே தோ?" என்று கேட்டாள். பயணிகள் கையில் எடுத்துக்கொண்டு போனால் பரவாயில்லையா என்று. அவர் வானத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "ஹாத் மே ஹை தோ டீக் ஹை. ஊப்பர் காற்றோட்டமா வச்சுக்கணும்" என்றார். கையில் இருந்தால் சரி, ஆனால் மேல்தளத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

நம் தீவுகளில் கையில் கொடுத்து அனுப்புகிற பழக்கம் உங்களுக்குத் தெரியும். மாத்திரை, சாவி, கருவாடு, பள்ளிச் சான்றிதழ், எதுவானாலும் ஜெட்டிக்கு எடுத்துப் போய் வரிசையில் நிற்கிற முகங்களைப் பார்ப்போம். தெரிந்த முகம், இல்லாவிட்டால் தெரிந்தவருக்குத் தெரிந்த முகம். அந்தக் கரையில் யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள். ரசீது கிடையாது, கூலி கிடையாது. உண்மையைச் சொன்னால் அந்தப் பழக்கத்தை ஒழிப்பதற்காகத்தான் நம்முடைய கிடங்கே ஆரம்பிக்கப்பட்டது. நம் சீருடையை மாட்டிக்கொண்டு, நம் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஜான்சி அந்த வரிசைக்குப் போய் நின்றாள்.

முதலில் பச்சைக் குடை பிடித்திருந்த ஓர் அம்மா. பார்த்தாலே ஆசிரியை என்று தெரிந்தது.

"டீச்சர், ஹட் பே தானே? ஒரு பெட்டிய மடியில வச்சுக்கிறீங்களா? கோழிக்குஞ்சு. கத்தும்."

"எவ்வளவு நேரம் கத்தும்?"

"ஹட் பே வரைக்கும்."

அந்த அம்மா சிரித்துவிட்டு, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

அடுத்தவர் முடியாது என்றார். வாந்தி வரும், என்னையே நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஜான்சி என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்து, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தாள். மூன்றாவதாக நின்ற ஆள், தோளில் சைக்கிள் டயர்களை மாட்டிக்கொண்டு நின்றவர், கேட்கும் முன்னாலேயே "எனக்கு ஒண்ணு குடும்மா" என்றார். கடைசிப் பெட்டியைக் கைத்தடி வைத்திருந்த ஒரு பெரியவர் வாங்கிக்கொண்டார். அவரிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. அவரோ கைத்தடியைப் பெட்டிக் கயிற்றில் செருகிவிட்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தே போனார்.

சிக்கல் என்னவென்றால், வாகன எண் போடாமல் எந்தப் பெட்டியும் கிடங்கைவிட்டுப் போனதாகத் திரை ஒப்புக்கொள்ளாது. ஜான்சி மழையில் நின்றுகொண்டே கைபேசியில் ஒவ்வொன்றாகப் போட்டாள். வாகனம்: டீச்சர், பச்சைக் குடை. வாகனம்: சைக்கிள் டயர் அண்ணன். வாகனம்: கைத்தடி தாத்தா, போன் கிடையாது. திரையும் ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டு, ஹட் பே நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாகக் காட்டியது.

கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது மெயின்லேண்டிலிருந்து மென்பொருள் குழுவின் இளைஞன் ஒருவன் கூப்பிட்டான். "மேடம், பச்சைக் குடைன்னு ஒரு வாகனம் பதிவாகியிருக்கு. அதுக்கு லைசென்ஸ் எக்ஸ்பைரி டேட் போடலையே?" என்றான். நான் சிரித்த சிரிப்பில் அவன் பயந்திருப்பான். நடந்ததையெல்லாம் கேட்டதும் அவனுக்கு ஒரே உற்சாகம். அருமையான யோசனை, கப்பல் பயணிகள் எல்லாருக்கும் தானாகவே செய்தி போகிற மாதிரி ஒரு வசதி செய்துவிடலாம், ஒரே வாரத்தில் முடித்துக் கொடுக்கிறேன் என்றான். ஜான்சி பூரித்துப்போவாள் என்று நினைத்துக் கைபேசியை அவளிடம் கொடுத்தேன்.

"வேண்டாம் சார்" என்றாள். "இன்னைக்கு நான் நேர்ல கேட்டேன், முடிஞ்சவங்க எடுத்தாங்க. நீங்க பட்டன் வச்சா தினமும் எல்லார் போனும் அடிக்கும். ரெண்டு மாசத்துல யாரும் பாக்க மாட்டாங்க. அப்புறம் நெஜமா ஒரு நாள் கேட்டாலும் பாக்க மாட்டாங்க. அத விடுங்க. உயிருள்ள சரக்குன்னு ஒரு வகை மட்டும் சேத்துக் குடுங்க, போதும்."

சேர்த்துக் கொடுத்தான். இன்று உங்கள் திரையில் சில பெட்டிகளுக்கு எதிரே சிவப்பாக மின்னுகிறதே, அது அந்தப் பையன் செய்ததுதான். சின்ன வயதில் தன் உற்சாகத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொருவர் சொல்வதைக் கேட்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவனையும் நான் நல்லவிதமாகவே நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு கிடங்கில் காத்திருந்தோம். கப்பல் கரையை அடைந்த செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் செல்வராணி கூப்பிட்டாள். ஜெட்டியின் கூச்சலும் குஞ்சுகளின் கத்தலும் சேர்ந்து காதைப் பிளந்தன. யார் யாரோ வந்து பெட்டி பெட்டியாகக் கையில் கொடுக்கிறார்கள், எல்லாம் உயிரோடு இருக்கின்றன, சங்கத்துப் பெண்கள் பெட்டிகளைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்கிறார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். ஆசிரியை பெட்டியைக் கொடுத்துவிட்டு, ஒன்று மட்டும் சோர்ந்திருக்கிறது, அதைத் தனியாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"புஷ்பம் வந்திருக்காளா?" என்று கேட்டேன்.

"வரல அக்கா. மறுபடியும் அதப் பாக்க என்னால ஏலாதுன்னு வீட்டுலயே இருந்துருச்சு."

அப்புறம் குரல் மாறியது. "அக்கா, ஒம்பது பெட்டிதான் வந்திருக்கு. எல்லாரும் எறங்கிப் போயாச்சு."

வராதது கைத்தடி தாத்தாவின் பெட்டி. கூப்பிட அவரிடம் போன் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அப்பவே சொன்னேனே, தள்ளாத மனுசன் கையில் கொடுக்கலாமா என்று ஜான்சியிடம் எரிந்து விழுந்தேன். கூட்டத்தில் தடுக்கி விழுந்துவிட்டாரோ, கப்பலிலேயே உட்கார்ந்திருக்கிறாரோ என்று கண்டபடி ஓடியது. ஜான்சியின் முகமும் வெளிறித்தான் இருந்தது. ஆனால் குரல் ஆடவில்லை.

"செல்வராணி, ஜெட்டி ஆட்டோகாரங்க கிட்ட கேளுங்க. கைத்தடி, பெட்டி. பாத்தா மறக்க மாட்டாங்க. போன கட் பண்ணாதீங்க."

கட் பண்ணவில்லை. செல்வராணி ஓடுவதும், விசாரிப்பதும், யாரோ இந்தியில் பதில் சொல்வதும் கேட்டது. பெரியவர் கூட்டத்தில் யாரைக் கேட்பது என்று தெரியாமல், குஞ்சு நனைகிறது என்று, முதலில் கிடைத்த ஆட்டோவில் ஏறி, சங்கத்துக் கோழிக் கொட்டகைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். செல்வராணியும் ஓர் ஆட்டோவில் ஏறினாள். நானும் ஜான்சியும் ஒரே கைபேசியில் காதை வைத்துக்கொண்டு, அந்த ஆட்டோ சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றோம். சுமை தூக்குபவர்கள் எங்களைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். பிகாஷும் வண்டியை ஓரம்கட்டிவிட்டு வந்து நின்றான்.

ஆட்டோ நின்றது. தகரக் கதவு கிறீச்சிட்டது. அதன் பிறகு ஒரு பெண்ணின் குரல், கொஞ்சம் கடுகடுப்பாக, எங்களுக்கும் தெளிவாகக் கேட்டது.

"கதவச் சாத்துடி. காத்து வருது, குஞ்சுக்குக் குளுருமில்ல?"

செல்வராணி உள்ளே போய் விசாரித்தாள். அப்புறம் மெல்லிய குரலில் சொன்னாள். ஆட்டோ வரும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து புஷ்பம் வெளியே வந்திருக்கிறாள். பெரியவர் கையில் பெட்டியைப் பார்த்ததும் சாவியை எடுத்து வந்து கொட்டகையைத் திறந்து, அடுப்புக் கரியைச் சட்டியில் போட்டுச் சூடு மூட்டியிருக்கிறாள். பெரியவர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறார். புஷ்பம் அக்கா ஒவ்வொரு குஞ்சாக எடுத்து அதன் மூக்கைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு விடுகிறாள், தலையை நிமிர்த்தவே இல்லை.

ஜான்சி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் போய் உட்கார்ந்தாள். நான் கைபேசியை அவள் வாயருகே பிடித்தேன்.

"செல்வராணி, பெட்டிய வாங்கின ரிசீவர் பேரு கேக்குது. உங்க பேரப் போடட்டுமா?"

"என் பேரு வேணாங்க" என்றாள் செல்வராணி. "புஷ்பம்னு போடுங்க."